படகில் ஒரு துளை

படகில் ஓட்டை போடத்தான்
திருத்துறைப்பூண்டியிலிருந்து என்னை வரவழைத்தார் நெய்னா முகம்மது.
போடும் நேரம் வந்ததும்
முகத்தை அலையாத்திக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் வயல் மோட்டார்களின் ஆள்.
போர்வெல் பேனல், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்,
ஆற்றில் தண்ணீர் வராத குறுவையில்
எத்தனை காயில் எரிந்தது என்று ஊர்வாரியாகச் சொல்வேன்.
டெல்டாவுக்குள்ளேயே டெல்டா கனெக்‌ஷன் கொடுத்துப் பிழைப்பவன்.
கோரையாறு உப்புக் கரிக்கிற இந்த ஜாம்புவானோடைக்கு
டெஸ்டரோடு வந்தது இதுதான் முதல் தடவை.

இதுவரை எப்படி சார்ஜ் போட்டீங்க என்றேன்.
பக்கிரிசாமி காட்டினான்:
ஐஸ் ஷெட் சுவரில் ஒரு பிளக் பாயின்ட்,
அதில் சொருகிய கம்பி முனைகள்,
கழன்றுவிடாமல் இருக்க இரண்டு தீக்குச்சிகள்.
அங்கிருந்து மஞ்சள் ஒயர்
வலைக்குவியல் மேலே, நண்டுக்கூடை மேலே வந்து
படகின் மூடியிடுக்கில் நசுங்கி
உள்ளிருக்கும் சார்ஜருக்கு.
"ஷாக் அடிக்குமா?"
"லேசா. கால்ல எறும்பு மாதிரி."
தூறல் போடுமா என்று கேட்டதற்குப்
பதில் சொல்வது போலச் சொன்னான்.

பென்சிலால் வட்டம் போட்டேன்,
விளிம்புக்கு ஒரு சாண் கீழே,
வலை இழுக்காத பக்கம்.
அளந்தேன். மறுபடி அளந்தேன்.
பம்ப் ஷெட் சுவரில் தப்பாய்ப் போட்ட ஓட்டையை
சிமென்ட் பூசி மறைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.
இது மிதக்கிற பொருள்.

வட்ட ரம்பம் அலறி ஓய்ந்தது.
கண்ணாடிநார்த் தூள் முழங்கை வரை நமைத்தது.
தேங்காயெண்ணெய் இருக்கா என்றேன்,
தலையில் தேய்த்ததை வழித்துத் தரட்டுமா என்றான் பக்கிரிசாமி.
வெட்டுப்பட்ட தட்டு உள்ளே விழுந்து உருண்டது.
அந்தப் படகின் வயிற்றுக்குள்
பக்கவாட்டிலிருந்து வெயில் நுழைந்தது அன்றைக்குத்தான்.

பிறகு ரப்பர் வாஷர், சுற்றிலும் சிலிகான்,
உட்பக்கம் தாங்குவதற்குத் தேக்குத் துண்டு,
துருவேறாத நாலு போல்ட்.
நீல மூடி. திருகினால் பூட்டிக்கொள்ளும் வளையம்.
நெய்னாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்:
முள் படகில், குழி ஒயரில்.
ஒயரைக் கழற்றினால் இந்த முட்களில் உயிர் இருக்காது,
குழந்தை விரல் வைத்தாலும் ஒன்றுமில்லை.
கரண்ட் குழிக்குள் ஒடுங்கியிருக்கும்.
மாற்றிப் பொருத்துகிறவன்
எழவுக்கும் சேர்த்து சொல்லியனுப்பட்டும்.

தீக்குச்சிகளைப் பிடுங்கி எறிந்து
ஷெட்டில் எர்த் அடித்து, கசிவு கண்டால் விழும் சுவிட்ச் வைத்தேன்.
சொருகினேன். வளையத்தைத் திருகினேன்.
டப்.
ஏற்றினேன். டப்.
நெய்னா என் பையைப் பார்த்தார், பிறகு என்னை.
"பழசு ஒரு நாளும் இப்படி விழுந்ததில்லையே தம்பி."

அடிப்பலகையைத் தூக்கச் சொன்னேன்.
அடியில் ஒரு குவளை அளவுக்குக் கசிவுநீர்,
டீசல் வானவில் போட்டு அசைந்தது.
அதற்குள் முழுகிக் கிடந்தது ஒரு ஜாயின்ட்,
மேலே சுற்றிய டேப் ஊறிப் பிரிந்து
உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.
சார்ஜருக்குப் போகிற ஒயரில்
மூணு வருஷம் முன்னால் யாரோ போட்டது.
யாரோ இல்லை, நான்தான் என்றார் நெய்னா, சற்று நேரம் கழித்து.

சுவிட்ச் கெட்டுப்போகவில்லை.
உள்ளதைச் சொன்னது, அவ்வளவுதான்.
இத்தனை நாளும் பக்கிரிசாமியின் காலில்
இங்கிருந்துதான் ஏறியிருக்கிறது
அந்த எறும்பு.

இடையில் ஒட்டே இல்லாமல் புது ஒயர் இழுத்தேன்,
மேல்விளிம்பு ஓரமாக, நீர் தொடாத பாதையில்.
சார்ஜரில் சிவப்பு எரிந்தது.
காலைக்குள் பச்சையாகிவிடும் என்றேன்.
நெய்னா பணத்தை எண்ணாமல் கொடுத்தார்,
எண்ணிப் பார்த்தேன், இருநூறு கூட.
எனக்கு வந்த டீயின் மேல் ஈ உட்காராமல்
அந்த வட்டத் தட்டை மூடிவைத்திருந்தார்.

பக்கிரிசாமி மட்டும் தண்ணீரில் இறங்கி
கணுக்கால் முழுக நின்று
படகின் மேல் உள்ளங்கையை வைத்தான்.
"ஒண்ணுமில்ல" என்றான்.
கையை எடுக்காமல்
இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தான்.