ஒன்பதாவது கட்டம்

வருஷத்துக்கு ஒரு முறை
அல்லது பன்னிரண்டாயிரம் மைலுக்கு ஒரு முறை,
எது முந்துகிறதோ அப்போது,
அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும்.
தவறினால் பேட்டரிக்கு நாங்கள் பொறுப்பல்ல.
பச்சைப் புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று,
எறும்பு எழுத்தில்.

சான்டே தீவு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப்
பதினாலு மைல்.
எப்போதும் வருஷம்தான் முந்தியது.

டீலர் இருப்பது இன்வர்னெஸில்.
கர்க்வாலுக்கு ஒரு படகு.
ஸ்ட்ரோம்னெஸிலிருந்து இன்னொன்று:
கீழ்த்தளத்தில் சங்கிலி போட்ட கார்,
மேல்தளத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நான்.
அப்புறம் நூற்றுப்பத்து மைல் சாலை,
நடுவில் ஒரு சார்ஜர்,
அது அன்றைக்கு உயிரோடிருந்தால்.
சுண்டைக்காய் கால் பணம்.
மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

"மெரன் ட்ரீவர்?" என்று கூப்பிடுவார்கள்.
ஒரு பையன் மடிக்கணினியைச் செருகுவான்.
பதினெட்டு நிமிடம்.
நான் அவர்கள் காப்பியைக் குடித்தபடி
அந்த சோபாவுக்கு யார் பணம் கொடுத்திருப்பார்கள் என்று யோசிப்பேன்.
"நல்லா இருக்கு."
என்ன செய்தாய்?
"கேட்டேன். சொல்லிச்சு."
முத்திரை, தேதி, கோழிக் கிறுக்கலாய் ஒரு கையெழுத்து.
ஒரு கட்டம் நிரம்பும்.

வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிறவள் நான்.
ஒரு வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
கத்தரிக்கோலோடு ஓட்டியது ஆயிரத்து எண்ணூறு மைல்.
தேயவில்லை என்று நிரூபிக்கத் தேய்த்தது
இருநூற்றைம்பது.

நாலாம் வருஷம் ஜனவரியில்
மூன்று நாள் படகு இல்லை. கெடு தாண்டிவிட்டது.
துறைமுக அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிப் போனேன்:
'காற்று' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்,
எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.
கவுன்டரில் இருந்தவள் இரண்டு தடவை படித்துவிட்டு
"இதற்குக் குறிப்பு எண் ஏதாவது உண்டா?" என்றாள்.

எண் இல்லை.
அவளே ஒன்று போட்டுக்கொண்டாள்.
அவளுக்கு நல்லது நடக்கட்டும்.

எர்லெண்ட் லின்க்லேட்டரின் கொட்டகை
என் வீட்டிலிருந்து நானூறு கஜம்.
டிராக்டர், நண்டுப் படகின் எஞ்சின், தேவாலய ஆர்கனின் துருத்தி
எல்லாம் அவன் கையில் பேசும்.
ஆனால் அந்தக் கை புத்தகத்தில் செல்லாது.
டயர் மாற்றலாம். வைப்பர் மாற்றலாம்.
டயரை மாற்றிவிட்டு வெளியே வராமல்
காருக்கு அடியிலேயே படுத்திருப்பான்,
ஆரஞ்சு கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தபடி.

"தொட்டால் போச்சு" என்பேன்.
"தெரியும்" என்பான், அடியிலிருந்து.
எட்டு வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசியது
இந்த மூன்று வார்த்தைதான்.

போன செவ்வாய்க்கிழமையோடு உத்தரவாதம் முடிந்தது.
புதன் காலை, நான் பல்கூடத் துலக்கவில்லை,
வாசலில் நிற்கிறான்,
முழங்கை வரை நீண்ட ரப்பர் கையுறையோடு.
விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
எப்போது வாங்கினாய்?
"நீ கார் வாங்கின வருஷம்."

தூக்கினான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக்
கால்மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து நின்றான்.
ஒவ்வொரு போல்ட்டையும் வரிசையாகத் தகரத்தட்டில் வைத்தான்.
மூடி திறந்தது.
இரண்டு தலையும் குனிந்து பார்த்தோம்.

சாம்பல் நிறப் பெட்டிகள். வரிசையாக.
தூசிகூட இல்லை.
வெளியே காற்றாலை சுற்றுகிற சத்தம்.
"அவ்வளவுதானா?" என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்தான்,
பிறகு மூடினான்.

பச்சைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினான்.
எட்டுக் கட்டமும் நிரம்பிவிட்டது, கீழே வெறும் தாள்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
ஒன்பதாவதாக ஒன்று வரைந்தான், கொஞ்சம் கோணலாக.
அதற்குள் கிரீஸ் கட்டைவிரலை
அழுத்தி எடுத்தான்.

தேதி போடவில்லையே என்றேன்.
கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.