சுத்தமான அட்டை

இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில்தான்.
இன்ஜின் அலறும், வண்டி போகாது.
இருட்டில், இல்லாத படியில்
கால் வைத்தாற்போல் ஒரு கணம்.
பிறகு எதையோ பற்றிக்கொண்டு
முதுகில் ஓர் உதை விட்டுக் கிளம்பும்.

எழுபத்தாறாம் வருட ஃபோர்டு பிக்கப்.
விவாகரத்தில் லைலுக்குப் படகு, எனக்கு இது.
சாவியைக் கொடுக்கும்போது சொன்னான்:
"கொஞ்சம் குடிக்கும். பார்த்துக்கொள்."
"யாரைப் போல?" என்றேன்.
வக்கீலம்மா காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கம்சாக்கில் கியர்பாக்ஸ் பார்க்கும் ஸ்ட்ரெலியோஃப்
அளவுகோலை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார்,
முகர்ந்தார், எனக்கும் நீட்டினார்.
அடிப்பிடித்த பாத்திரத்தின் வாசனை.
உள்ளே தட்டுகள் கருகியிருக்கும்,
பிரித்துக் கட்ட இரண்டாயிரத்து எண்ணூறு டாலர்.
வண்டியை விற்றாலே தொள்ளாயிரம் தேறாது.
காப்பிக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பின் நானே பார்த்தேன்.
சமதளத்தில் நிறுத்தி, சூடேறவிட்டு,
பார்க்கில் போட்டு, இன்ஜின் ஓட ஓட.
ஒரு குவார்ட் குறைவு. ஊற்றினேன்.
அடுத்த ஞாயிறும் அதே ஒரு குவார்ட்.
ஒழுகுகிறது என்றால் எங்கே?
ஃப்ரீசர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
வண்டிக்கடியில் விரித்தேன்.
மைனஸ் இருபத்தெட்டு டிகிரி,
நாலு காலை, டார்ச்சும் கையுமாய்க் குனிந்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
ஓர் எலி நடந்துபோன தடம் மட்டும்.

பக்கத்துப் பண்ணைப் பையன் மீது சந்தேகப்பட்டேன்.
கடையில் விற்ற ஆயில் மீது.
கொஞ்சநாள் எலி மீதும்.

சொன்னது டெல்ஃபின். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
தினமும் எனக்குப் பின்னால் வருபவள்.
தபால் நிலைய வரிசையில், சும்மா,
"நீ மேடேறினால் எனக்குச் சாலையே மறைந்துபோகிறது.
வெள்ளையாய்ப் புகை. மூன்று மாதமாய்.
உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

அன்று மாலையே அதே அட்டையில் மல்லாந்து படுத்து
கியர்பாக்ஸின் பின்பக்கம், வலப்புறம்,
விரல் தடிமன்கூட இல்லாத
ரப்பர் குழாயை உருவினேன்.
காற்று மட்டுமே போகவேண்டிய குழாய்.
கவிழ்த்ததும், கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே,
சிவப்பாய் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது.

உள்ளே ஒரு சவ்வு கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.
இத்தனை நாளும் இன்ஜின்
உறிஞ்சி உறிஞ்சிக் குடித்திருக்கிறது,
வாய் துடைத்துக்கொண்டு.

லைலும் ஒரு சொட்டு சிந்தியதில்லை.
சமையலறைத் தரை
எப்போதும் இந்த அட்டை மாதிரிதான் இருந்தது.
பதினோரு வருடம்
நான் கீழேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதிது முப்பத்து நாலு டாலர்.
ஒரே ஒரு போல்ட். அரை மணி நேரம்.
விரல்முட்டியில் தோல் கொஞ்சம்.

இப்போது புகை இல்லை, அளவும் இறங்கவில்லை.
ஆனால் கருகிய தட்டு திரும்ப முளைக்காது.
குளிர்ந்த காலைகளில் இன்னும் வழுக்கப் பார்க்கும்.
நாற்பத்தைந்தைத் தொடும்போது
காலை லேசாய்த் தூக்கினால் போதும்,
அதுவாக மாறிக்கொள்கிறது.
மேடேறியதும் கண்ணாடியில் பார்க்கிறேன்:
மஞ்சள் பேருந்து, அதன் எண் முதற்கொண்டு தெளிவாய்.

அட்டையை இன்னும் எடுக்கவில்லை.
எலிக்குப் பழகிவிட்டது.