அரைத் தானியங்கி

"அது தானாகவே வெடித்துவிட்டது" என்கிறார்
எதிர்த்தரப்பு வக்கீல் வேதநாயகம்.
கையில் ஒரு பால்பாயின்ட் பேனா. டிக். டிக்.
உயர் நீதிமன்ற வளாகம், முதல் மாடி,
மின்விசிறியைவிடப் புறாக்களே
காற்றை அதிகம் அசைக்கும் அறை.
பதினேழாவது சாட்சி நான்.
மயிலாப்பூர் தடய ஆய்வுக்கூடம், துப்பாக்கிப் பிரிவு.

ஐயா, தானாக நடப்பவை நிறைய உண்டு. மறுக்கவில்லை.
சுத்தி ஊசியை அடிக்கும்,
ஊசி தோட்டாவின் பிட்டத்தைக் குத்தும்,
உள்ளே இருக்கும் ஒரு சிட்டிகை மருந்து
இடம் போதாத புகையாகும்.
குண்டு முன்னால் போகும்.
அதே உதையில் மேல்தகடு பின்னால் போகும்,
பேசின் பிரிட்ஜில் எஞ்சின் வந்து இடித்ததும்
கடைசிப் பெட்டிவரை ஒரு பின்வாங்கல் ஓடுமே, அப்படி.
போகிற போக்கில் ஒரு கொக்கி
வெற்றுக் கூட்டைக் கவ்வி இழுக்கும்,
ஒரு முளை அதை வலப்பக்கம் தட்டிவிடும்,
சுத்தி மறுபடி மல்லாந்துகொள்ளும்.
சுருள்வில் தகட்டை முன்னே தள்ள
கைப்பிடிக்குள் வரிசையில் நின்ற அடுத்த தோட்டா
ஏறி அறைக்குள் படுக்கும்.
எல்லாம் கண் இமைப்பதற்குள்.
இவ்வளவும் தானாகத்தான்.

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை.
என் சுண்டுவிரல் நகமளவு ஒரு இரும்புத் துண்டு
விசையையும் சுத்தியையும் பிரித்து வைத்திருக்கும்.
அழுத்திய விரல் அழுத்தியே கிடந்தாலும் வெடிக்காது.
விரல் விட வேண்டும்.
விட்டு, மறுபடி அழுத்த வேண்டும்.
அதனால்தான் அதன் பெயரில் அரை இருக்கிறது.
மற்ற அரைக்கு ஆள் வேண்டும்.

காசிமேடு ஐஸ் கம்பெனிச் சந்தில் ஐந்து கூடுகள்.
மூன்று சுவரோரம். ஒன்று சங்கரா மீன் கூடையில்.
ஐந்தாவதை இரண்டு நாள் கழித்து
ஒரு பையன் உதட்டில் வைத்து விசிலடித்துக்கொண்டிருந்தான்.
ஐந்திலும் ஒரே கொக்கியின் கீறல்.

ஐந்து முறை அழுத்தியிருக்கிறார்.
நடுவில் நான்கு முறை விட்டிருக்கிறார்.
அந்த நான்கு முறையும் துப்பாக்கி காத்திருந்தது.

டிக் நின்றது.
கூண்டில் தணிகாசலம்
வலது கையை இடது கைக்குள் வைத்துக்கொண்டார்.

தட்டச்சர் நிமிர்ந்தார்:
"காத்திருந்ததுன்னே போடட்டுமா?"
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்.
"இயந்திரம் எங்கேம்மா காத்திருக்கும்?
செயலின்றி இருந்தது என்று போடுங்கள்."

போட்டார்கள்.
படித்துப் பார்த்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.
என் பேனா எழுதவில்லை. வக்கீலிடம்தான் வாங்கினேன்.
ஒருமுறை அழுத்தினால் முனை வெளியே வருகிறது.
மறுமுறை அழுத்தும்வரை
அங்கேயே இருக்கிறது.