கடல் வற்றும் நேரம், சான்சிபார்

ஏழாம் வில்லாவிலிருந்து போன்:
"கடலைக் காணோம்."
பணம் கட்டியது கடலுக்கும் சேர்த்துத்தானாம்.

மூன்றரைக்குத் திரும்பிவிடும் மேடம் என்றேன்,
துவைக்கப் போட்ட துண்டைச் சொல்வதுபோல்.

நேரில் போனேன்.
தூர்ஹில்ட் அம்மையார்
வெள்ளை அங்கியும் ஹோட்டல் செருப்புமாய்
படியில் நின்றார்.
தனிக்குளத்தில் நீர் ததும்பிக்கொண்டிருந்தது.
அதற்கப்பால் ஒரு கிலோமீட்டருக்கு ஈர மணல்,
மணலில் குச்சி நட்டுப்
பாசிக் கயிறு கட்டும் பெண்கள்.

"எதைத் தொலைத்தார்கள்?"

விவசாயம் என்று விளக்கினேன்.
அந்த மஞ்சள் முக்காடு
என் மனைவி ஜோகா என்பதை மட்டும்
விட்டுவிட்டேன்.

மூன்றரைக்குக் கடல் வந்தது.
அம்மையார் கைதட்டி
இருபது டாலர் நீட்டினார்,
நான்தான் அழைத்துவந்ததுபோல்.

அங்கே,
இன்னும் ஆறு கயிறு பாக்கியிருக்க,
இடுப்பளவு நீரில்
சாக்கைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.