நாற்பத்திரண்டு

எண் கூடக் கூட ஊசி மெலியும்.
இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை.
தோ பாயோ பலதுறை மருந்தகத்தில்
ஒன்பது வருடமாய் ரத்தம் எடுக்கிறேன்.
புடைத்த நரம்புக்கு இருபத்தொன்று,
ஒளிந்துகொள்ளும் நரம்புக்கு
இறக்கை வைத்த இருபத்துமூன்று.
"சின்னதா ஒரு குத்து. மூச்சை இழுத்து விடுங்க."
முடிந்ததும் மஞ்சள் பெட்டிக்குள் டக்.
ஓர் ஊசி, ஒரே ஓர் உடல்.

வீட்டில் வேறு சட்டம்.
ஒரே ஊசி, பத்தாயிரம் குத்து.
இதற்குக் காதில்லை, நூல் கோக்க வழியில்லை.
விளிம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பற்கள்.
போகும்போது கம்பளி இழையைக் கவ்விப் போகும்,
வரும்போது விட்டுவிட்டு வரும்.
வித்தை அவ்வளவுதான்.

செய்துகொண்டிருப்பது மைனா.
"மைனாவா?" என்றாள் ரொஹானா,
"என் கார் கூரையில் போய்வைக்குமே, அதுவா?"
அதுவேதான்.
காப்பிக் கடை மேசையில்
யாரோ மிச்சம் வைத்த பரோட்டாவுக்குச்
சண்டை போடும் அதே பறவை.
அவள் மகள் இமான்தான் கேட்டாள்.
நீர்நாய் வேண்டாமாம், இருவாச்சி வேண்டாமாம்.

முப்பத்தாறில் தொடங்க வேண்டும்.
முரட்டுக் கை அது.
பஞ்சு நெஞ்சாகும்வரை
நறுக் நறுக்கென்று ஆழமாய்.
அவசரப்பட்டு மெல்லியதை எடுத்தால்
விடிய விடியக் குத்தினாலும் பஞ்சு பஞ்சாகவே இருக்கும்.
இறுகிய பிறகும் பருத்ததையே பிடித்திருந்தால்
மேனியெங்கும் அம்மைத் தழும்பு.
முப்பத்தெட்டுக்கு மாறும் வேளையை
ஊசி சொல்லாது. விரல்தான் சொல்லும்,
கம்பளி எதிர்க்கத் தொடங்கும்போது.

தலைப்புறம் நகப்பூச்சு தொட்டு வைத்திருக்கிறேன்:
சிவப்பு முப்பத்தாறு, ஊதா முப்பத்தெட்டு,
பச்சை நாற்பது.
நாற்பத்திரண்டுக்குப் பூச்சில்லை.
எடுக்கும்போதே தெரியும், எடுத்த மாதிரியே இருக்காது.
இந்த ஊர் ஈரத்தில் இரும்பு ஒரு வாரம் தாங்காது.
கடற்பாசி நொறுவைப் பொட்டலத்திலிருந்து எடுத்த
'உண்ணாதீர்' பையோடு
நான்கும் ஒரு டப்பாவில் தூங்கும்.

கண்.
கறுப்பு மணியைச் சுற்றி எலுமிச்சை மஞ்சள்,
நாலே நாலு இழை.
ஐந்தாவது போட்டால் பறவைக்குக் கோபம் வருகிறது.
ஒன்றை எடுத்தால் தூக்கம் வருகிறது.
நுனி மட்டும் உள்ளே. அரிசி மணியளவு ஆழம்.
நேராகப் போ, போன வழியே வா,
உள்ளே இருக்கும்போது வளைக்காதே.
இதையெல்லாம் நான் தினமும்
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்,
வேறோர் ஊசிக்கு.

பதினொன்றரை மணிக்கு
மேல்மாடியில் கோலி உருண்டது.
எல்லா புளோக்கிலும் உருளும் கோலிதான்.
யார் உருட்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.
அண்ணாந்து பார்த்தேன். மணிக்கட்டு சாய்ந்தது.
டிக்.

மருந்தகத்தில் என்றால்
படிவம், இரண்டு கையெழுத்து, மேலதிகாரி.
இங்கே குளிர்பெட்டியிலிருந்து
பினாங்குப் பாலம் போட்ட காந்தத்தைக் கழற்றி
மைனாவின் மேல் மெல்ல நகர்த்தினேன்.
முதுகு. நெற்றிக் குடுமி. தொண்டை.
கண்ணருகே லேசாய் இழுத்தது போலிருந்தது.
இழுத்தது காந்தமா, என் ஆசையா, தெரியவில்லை.
பிரித்துப் பார்க்கலாம்.
கண்ணைப் பிரிக்க வேண்டும், பிறகு நெஞ்சை,
மூன்று வார இரவுகளை.
பிரிக்கவில்லை.

மூன்று மில்லிமீட்டர் இரும்பு உள்ளிருக்கும் ஒன்றை
ஆறு வயதுக் கைக்குக் கொடுக்க முடியாது.
ரொஹானாவிடம் சொன்னேன்.
"அப்போ அதுக்கு ஊசி போட்டாச்சு" என்று சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு,
"எக்ஸ்ரே எடுக்கலாமா?" என்று
நிஜமாகவே கேட்டாள்.

இரண்டாவது மைனா
இப்போதைக்கு ஒரு பிடி சாம்பல் நிறப் பஞ்சு.
முப்பத்தாறை எடுக்கிறேன்.
"சின்னதா ஒரு குத்து."
வாய் தானாகச் சொல்கிறது.
முதலாவது, குளிர்பெட்டியின் மேல்
காந்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது,
ஒரு கண்ணுக்கு நாலு இழை,
ஒரு கண்ணுக்கு மூன்று.
பாதித் தூக்கத்தில்.