கையிருப்பு

முதல் வருடக் கணக்கு ஓர் உறையின் முதுகில் இருக்கிறது.
வரவு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
செலவு: ரம்பத்துக்குச் சங்கிலி, டீசல்,
ஒனேசிமின் கட்டைவிரலுக்குக் கட்டுத்துணி.
மீதி இல்லை.
அந்த ஜனவரியில் பதினேழு வீடுகளில் புகைபோக்கி புகைந்தது.
அதை எழுத எந்தப் பத்தியும் இல்லை.

ஆற்றுக்கு அக்கரை கனடா.
இக்கரையில், மெய்னின் வட கோடியில், எங்கள் விறகு வங்கி:
ஒரு கொட்டகை, மரம் பிளக்கும் இயந்திரம்,
பொருளாளர் என்று நான்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.

ஆறாம் வருடம்
உருளைக்கிழங்குக் கிடங்கு தியோஃபில் சீர் இறந்துபோனார்.
இருந்தவரை ஒரு சுள்ளி தந்ததில்லை.
உயிலில் தொண்ணூறாயிரம்.

லாரி வாங்கினோம். கதவில் பெயர் எழுதினோம்.
சம்பளத்துக்கு ஓர் இயக்குநர், அவருக்கு நாற்காலி,
நாற்காலிக்கு அறை, அறைக்கு வாடகை.
ஞாயிறு பூசை முடிந்து கைக்கு வரும் சின்ன உறைகள்,
ஐந்தும் பத்துமாய்,
சொல்லாமல் நின்றன.
“உங்களுக்கென்ன குறை இப்போ?” என்றாள் அல்ஃபோன்சின்.
கோபமாகக்கூட இல்லை.

தொண்ணூறு. ஐம்பத்திரண்டு. பதினெட்டு.
அடுத்த குளிருக்கு முன் லாரியை விற்று வாடகை பாக்கி தீர்த்தேன்.
கதவுப் பெயரைச் சுரண்ட வேண்டுமே என்று
வாங்கியவர் நாற்பது குறைத்தார்.
அதையும் பதிந்தேன்: பெயர் அழிப்பு, 40.

இன்றிரவு மேசையில் ஒரு மானியப் படிவம்.
உங்கள் அமைப்பு நீடித்து நிற்கும் என்பதை
முந்நூறு சொற்களில் விளக்குக.

இன்று வெட்டிய மரம் இன்று எரியாது.
சீறும், நுனியில் நுரைக்கும், குழாயெல்லாம் கீல் படியும்.
இந்தக் குளிரில் எரிவது
போன வருடம் யாரோ பிளந்தது.
ஆசைப்பட்டு நாலைந்து வருடம் தொடாமல் அடுக்கினாலோ
உள்ளே பூஞ்சணம், தூக்கினால் பஞ்சு.
சீரின் பணத்தை நாங்கள்
பச்சையாகவே அடுப்பில் வைத்தோம்.

இவ்வளவு எழுதி அடித்துவிட்டேன்.

வங்கியில் ஆயிரத்து இருநூற்று ஆறு.
அல்ஃபோன்சினின் உறை மறுபடி வருகிறது, மாதம் ஐந்து,
சில மாதம் மூன்று.

கையெழுத்துக் கோட்டின் மேல் பேனாவை வைத்துவிட்டு
பனியில் கொட்டகைக்கு நடந்தேன்.
இரண்டு மேப்பிள் துண்டுகளை மோதிப் பார்த்தேன்.
கணீர்.
அடுத்த அடுக்கில் இரண்டு எடுத்தேன்.
தொப்.

திரும்பி வந்து முதல் வரியை எழுதினேன்.
முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூறு
இன்னும் பாக்கி.