எங்க வச்சீங்க

ஆசிரியர் கைப்புத்தகம், பாடம் பதினேழு.
கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் கீழே சாய்ந்த எழுத்தில் விடை.
லாசருவின் ஊர் எது. சகோதரிகள் யார்.
எத்தனை நாள் கல்லறையில் இருந்தான்.

சயான் கோலிவாடா, ஆலயத்துக்குப் பின்னால்
தையல் மெஷின்களை ஓரம் தள்ளிய அறை.
லெந்துகால வெயில். ஒரே ஃபேன். பதினொரு பிள்ளைகள்.
பச்சை ஃப்ளானல் துணியில்
மார்த்தாளை ஒட்டினேன், மரியாளை ஒட்டினேன்.
பசை போன லாசரு மட்டும்
விழுந்துகொண்டே இருந்தான்.
பிள்ளைகளுக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

நாலு நாளா நாத்தமாமே, குளிச்சானா மிஸ்?
காலக் கட்டியிருந்தா எப்பிடி வந்தான், குதிச்சா?
உள்ள இருட்டுல யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தான்?
மறுபடி செத்தானா?
அப்ப மறுபடி அழுதாங்களா?

அதெல்லாம் பைபிளில் இல்லை என்றேன்.
பழகிய வாக்கியம்,
எந்தக் கதவையும் சத்தமில்லாமல் சாத்தும்.

ஜன்னலோரம் கெசியா, வயது ஆறு,
முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்து யோசிப்பவள்:
"எங்க வச்சீங்கன்னு இயேசப்பா கேட்டாரே,
அவருக்குத் தெரியாதா?"

தெரியும் கண்ணு. அவருக்கு எல்லாம் தெரியும்.

"தெரிஞ்சா எதுக்குக் கேக்கணும்?"

ஃபேன் சுற்றுகிறது. பதினொரு முகங்கள்.
கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணலாம் என்றேன்.
அது இன்னொரு கதவு.

பாதி ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்தேன்.
அவளும் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கேட்டதுக்கு அப்புறந்தான் அழுதாரு"
என்றாள், ஆமெனுக்குக் காத்திராமல்.
"கேக்குற வரைக்கும் அழல."

ஜிடிபி நகரில் பன்னிரண்டு நாற்பது வண்டி.
பெண்கள் பெட்டியில் என் வழக்கமான இருக்கை.
எலியேசரை அடக்கம் பண்ணி ஆறு வருடம்,
ஷிவ்டி வரும்போதெல்லாம்
செல்போனில் நைட் டூட்டி பட்டியலைப் பார்ப்பேன்.

பம்பாயில் செத்தவர்களுக்கும் மண் வாடகைக்குத்தான்.
சபையிலிருந்து கடிதம் வந்தது:
குழியைத் திறக்க வேண்டிய காலம் ஆயிற்று,
எலும்புகளைச் சுவருக்குள் மாற்றுகிறோம்,
குடும்பத்தார் வரலாம்.
நான் போகவில்லை.
அவர் பரலோகத்தில் இருக்கிறார் என்றேன்
கேட்டவர்களிடம், கேட்காதவர்களிடமும்.
சாய்ந்த எழுத்து விடை.

புடீல் ஸ்டேஷன், ஷிவ்டி.

இறங்கியது நான்தானா என்று
வண்டி போன பிறகு பார்த்தேன்.
அக்குளில் ஃப்ளானல் சுருள்.
பாலத்துக்கு அப்பால் சேற்றில்
யாரோ விரலை நீட்டிக் காட்ட
இளஞ்சிவப்பாய் ஏதோ அசைந்தது, பூநாரைகளாக இருக்கும்.

கல்லறைத் தோட்டத்து ஆபீசில்
டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தார் காவல்காரர்.
வார்டு வாசலில் இருபத்துமூன்று வருடம்
நின்றவர்களுக்கெல்லாம் பதில் சொன்ன வாய் இது.
எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றது இந்தியில்,
யாரை என்று சொல்ல மறந்து.

அவர் தடித்த ரெஜிஸ்டரைத் திறந்தார்.
வருஷம்? சொன்னேன். மாசம்? சொன்னேன்.
எச்சில் தொட்ட விரல் ஒவ்வொரு பெயராய்
இறங்கி இறங்கி வந்து
ஓரிடத்தில் நின்றது.
வந்து பாருங்கள் என்றார், சாவிக்கொத்தை எடுத்து.

அடுத்த ஞாயிறு கெசியாவுக்கு என்ன சொல்ல?
தெரியலை என்று சொன்னால் என்ன,
அந்த அறையில் அந்த வார்த்தையை
நான் இன்னும் சொன்னதில்லை.

சுவர் நெடுகச் சின்னச் சின்னக் கதவுகள்.
சாவிக்கொத்து முன்னால் போகிறது,
எனக்கு வழி சரியாகத் தெரியவில்லை, கண் மறைக்கிறது.
சுருளிலிருந்து லாசரு விழுந்திருக்க வேண்டும்.
தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்த ஒரு பொடியன்
குனிந்து எடுத்து,
மண்ணை ஊதி,
திருப்பித் திருப்பிப் பார்த்து,
யே கோன் ஹை, ஆண்டி? என்கிறான்.